மெட்டில்டா வண்டிக்குள்ள போன காத்து

"நான் கை வச்சதுனாலதான் ஊருல காத்து நின்னுபோச்சுன்னு சொல்லுதியளே, சரி, கை வச்சேன், இல்லன்னு நான் எப்பச் சொன்னேன், போன லீவுக்கு வந்தப்ப பிளக்கக் கழட்டித் தொடச்சேன், செயினுக்கு கிரீஸ் வச்சேன், பிரேக்க இறுக்குனேன், அம்புட்டுத்தான். பிளக்கத் தொடச்சா காத்து நிக்கும்னா எங்க பாலிடெக்னிக்குல காலையில இருந்து சாயங்காலம் வர பிளக்குதான் தொடைக்கோம், தூத்துக்குடியில ஒரு பனவோலை அசையப்பிடாது, அசையுதா இல்லையான்னு பஸ் ஏறிப் போயிப் பாத்துட்டு வந்து பேசுங்க. என்னது, படிச்ச திமிரா? ஆமா மாமா, திமிருதான். ஆட்டோமொபைல் படிக்கிற பொட்டப்புள்ளைக்குத் திமிரு இல்லன்னா மொத வருசமே வெரட்டி விட்ருப்பானுவ. அத விடுங்க. வண்டியத் தூக்கிக் கடல்ல போடணும்னு தீர்ப்புச் சொன்னியள்லா, அது என்ன உங்க வீட்டு ஒடஞ்ச உரலா? கமிட்டித் தலைவருன்னா மைக்கப் பிடிச்சு சப்பரம் தூக்க ஆளு கூப்பிடுங்க, எங்க வீட்டு வண்டிக்கு நாள் குறிக்காதிய. இல்ல, நான் ஒண்ணும் கத்தல. காத்து இல்லாத ஊருல இப்படிப் பேசுனாத்தான் பின்னால நிக்கிற ஆளுக்குக் கேக்குது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

தாழந்துறைக் கோயிலுக்கு முன்னால மணல்மேட்டுல, ஊரு மொத்தமும் சுத்தி நிக்க, பஸ்ஸ விட்டு எறங்குன பையக்கூட கீழ வைக்காம இப்படிப் பேசுனவ பெனிட்டா, கருவாட்டுக்காரி மெட்டில்டா பெத்த ஒத்தப் புள்ள. பேச்சு வாங்கிக்கிட்டு நின்னவரு ஊர்க் கமிட்டித் தலைவரு கஸ்பார் மோத்தா, வள்ளத்துக்காரரு, தங்கச்சிமாரக் கட்டிக் குடுத்துக் கட்டிக் குடுத்தே தனக்குன்னு ஒருத்தியக் கட்ட மறந்துபோயி அம்பது வயசத் தாண்டுன மனுசன், மைக்கு முன்னால நின்னா இடி மாதிரி பேசுவாரு, மைக்க எடுத்துட்டா ஒரு பொம்பளகிட்ட தண்ணி கேக்கக்கூட வாய் வராது. சண்டையில கெடந்த வண்டி மெட்டில்டாவோட ஜாவா பைக்கு, மாதுளம்பழக் கலரு, கிக்கரும் கியரும் ஒரே லிவருல, பின்னால மீனு வாலு ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி ரெண்டு சைலன்சரு. பெனிட்டாவோட அப்பன் மஞ்சக்காமாலையில போன பெறகு, தலையில ஓலைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு உள்நாட்டு ஊருகளுக்குக் கருவாடு விக்கப் போன மெட்டில்டா, ஒரு நாளு உப்பளத்து செட்டுக்குள்ள துருவேறிக் கெடந்த இந்த வண்டியப் பாத்து, இத ஆரும் கேக்கலன்னா நான் எடுத்துக்கிடுதேன்னு சொல்லி, உருட்டிக்கிட்டே ஊருக்கு வந்து, விழுந்து எந்திரிச்சுப் பழகி, சேலைய முட்டுக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டு அதுலதான் பெட்டியக் கட்டிப் பறந்தா, பெனிட்டாவப் படிக்க அனுப்புனதும் அந்த வண்டிதான்.

காத்து அந்த வண்டிக்குள்ள போனது எப்படின்னா, கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்தம் முடிஞ்ச மறுநாளு காலையில, மேக்க இருந்து மணலத் தூக்கிட்டு வார கச்சான் காத்து நல்லா வீசிக்கிட்டு இருக்கும்போது, மெட்டில்டா உப்பள ரோட்டுல ஆக்சிலேட்டரத் திருகுனா, வண்டி பாஞ்சுது, கைய விட்டா, வண்டி கொறையல. கார்ப்பரேட்டருக்குள்ள காத்துப் போற வழியத் தொறக்கவும் அடைக்கவும் ஒரு ஸ்லைடு உண்டு, கிணத்துக்குள்ள வாளி மாதிரி மேலயும் கீழயும் போயி வரணும், அது மேலயே போயி ஒட்டிக்கிச்சு. சாவியத் திருப்பி அணைச்சா. எஞ்சின் சத்தம் நின்னுச்சு, இழுப்பு நிக்கல. மொதல்ல ரோட்டுத் தூசிய இழுத்துச்சு, பெறகு கச்சான இழுத்துச்சு, கச்சானுக்குப் பின்னால தெக்க ஒளிஞ்சு நின்ன சோழகத்த இழுத்துச்சு, கிழக்க இருந்து மழைக்கு முன்னால வரவேண்டிய கொண்டலையும் அதுக்கு நாளு வருமுன்னயே இழுத்துச்சு, கடைசியா தூரத்துல ஒரு வள்ளத்துப் பாயில நெறஞ்சு நின்ன காத்தையும் சட்டையில இருந்து நூலு உருவுற மாதிரி உருவி உள்ள வாங்கிக்கிட்டு, ஒரு ஏப்பம் விட்டுட்டு அமந்துச்சு. மெட்டில்டா எறங்கி டேங்குல ரெண்டு தட்டுத் தட்டி, வயிறு நெறஞ்சிருச்சான்னு கேட்டுட்டு, கருவாட்டுப் பெட்டியோட உருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

ஊருக்கு வெவரம் தெரிய நேரம் ஆகல. கோயில் கொடிமரத்துல ஏத்துன கொடி நனைஞ்ச துண்டு மாதிரி தொங்குச்சு, தாழம்புதரு படத்துல வரைஞ்ச புதரு மாதிரி நின்னுச்சு, மெட்டில்டா வீட்டு முன்னால நிறுத்தியிருந்த வண்டி டேங்குல பக்கத்து வீட்டுப் பிலோமி காத வச்சுப் பாத்துட்டு, சங்குக்குள்ள கேக்குற மாதிரி கேக்குது மைனின்னா. அம்புட்டுத்தான், பெறகு ஒவ்வொருத்தரா வந்து காத வச்சாக, ஆமா, நம்ம காத்துதான்னு சொன்னாக, போயி அவுக அவுக சோலியப் பாத்தாக.

காத்து இல்லாத ஊருக்கு ஒரு ஒழுங்கு தானா வந்து சேந்துச்சு. புகையெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா மேல போச்சு. டீக்கடைச் சலேத்துக்குப் பரம சந்தோசம், அடுப்புக்கு மறைப்புக் கட்டிக் கட்டியே அவரு ஆயுசு கழிஞ்சிருந்துச்சு, இப்பப் பாலு பொங்குறதக்கூட உக்காந்து ரசிக்காரு. கோயில்ல மெழுகுதிரி ஆடாம எரிஞ்சுது, சாமியாரு கையால அமுக்காமலே பூசைப் புத்தகத்துப் பக்கம் அப்படியே விரிஞ்சு கெடந்துச்சு. ஒரு வீட்டு வாசம் அந்த வீட்டு வாசல விட்டு நகரல, பிலோமி மொதநாளு வச்ச சாளைக் கொழம்பு மறுநாளும் அவ படிக்கட்டுலயே நிக்கும், அதுக்குள்ள நொழஞ்சு வெளிய வந்தாத்தான் அடுத்த வீட்டு வெங்காயம் வதக்குன வாசம், அதையும் தாண்டுனா எதுத்த வீட்டுப் பச்சப்புள்ளைக்குப் போட்ட சாம்பிராணி, அதனால கண்ணு தெரியாத லாசரு கம்ப மூலையில சாத்திட்டு வாசத்தப் பிடிச்சுக்கிட்டே கடக்கர வர போயிட்டு வந்தாரு. சத்தமும் அப்படித்தான், வாய விட்டு எறங்குனதும் காலடியிலயே விழுந்துரும். வலை கிழிஞ்ச சண்டையில வருசக்கணக்காப் பேச்சில்லாம இருந்த ரெண்டு குடும்பம், தூர நின்னு ஏசுனா ஒருத்தருக்கொருத்தரு கேக்கலன்னு ஏசுறதுக்காகப் பக்கத்துல வந்தாக, பக்கத்துல வந்தா மூஞ்சி தெரிஞ்சுபோச்சு, ஏசவந்தவ, என்ன மைனி இப்படி மெலிஞ்சிட்டியன்னு கேட்டுட்டா, காரியம் கெட்டுப்போச்சு, இப்ப ரெண்டு வீட்டுக்கும் கொழம்பு போயிட்டு வருது.

ஆனா கருவாடு காயல. வெயிலு மட்டும் போதாது கருவாட்டுக்கு, காத்துதான் அதுல உள்ள தண்ணிய எடுத்துட்டுப் போகணும், காத்து இல்லாம அது புளிச்சுப் பிசுபிசுன்னு ஈ மொச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. வலை காயல. உப்பளத்துல உப்பு உறையல. பாய் கட்டிப் போற வள்ளமெல்லாம் கரையில குப்புறப் படுத்துக்கிச்சு, மோட்டாரு வள்ளம் போனாலும் மூச்சுத்திணறுதுன்னு பாதியில திரும்புச்சு. அந்த நேரத்துலதான் மெட்டில்டா, வண்டி கிளம்புமான்னு பாப்போம்னு கிக்கர ஒரு மிதி மிதிச்சா. வண்டி கிளம்பல. ரெண்டு சைலன்சரும் ஆளுக்கொரு மூச்சுக் காத்த வெளிய விட்டுச்சு, முத்தத்துல கெடந்த கோழி றெக்கை உருண்டு ஓடுச்சு, பிலோமி பிழிஞ்சு போட்டிருந்த சேலை கொடியில இருந்து எந்திரிச்சு நின்னுச்சு, பிலோமி அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டு, மைனி, இன்னொரு மிதி மிதிங்க, ஓரம் காயலன்னா.

மறுநாளு காலையில வரிசை. கோயில்ல உக்காருற மாதிரியே ஆம்பளைக இடது சைலன்சருக்கு, பொம்பளைக வலது சைலன்சருக்கு, ஆரும் சொல்லிக் குடுக்கல, அப்படியே பிரிஞ்சு நின்னாக. ஒருத்தி கருவாட்டுத் தட்டோட நிப்பா, ஒருத்தி புடைக்காத உளுந்தோட நிப்பா, ஒருத்தரு ஈரவலையத் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாரு, வேர்க்குருப் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஒருத்தி, கல்யாணத்துக்குத் தலை குளிச்சுட்டு முடியக் காயவைக்க வந்த பொண்ணு ஒருத்தி, அவளுக்கு மட்டும் வரிசையில முன்னால விட்டாக. இன்ன காத்துதான் வேணும்னு கேக்குற ஆளும் உண்டு. "எக்கா, எனக்கு ஒரு சோழகம் குடுங்க, கச்சான் வேண்டாம், மணலு விழும்." "ஏட்டி, நான் என்ன மளிகைக்கடையா வச்சிருக்கேன், அது விடுறத வாங்கிட்டுப் போ." சாயங்காலச் செபத்துக்குக் கொடி ஆடாம இருந்தா நல்லா இல்லன்னு உபதேசியாரு கொடியவே கழட்டிக் கொண்டாந்து சைலன்சருக்கு முன்னால பிடிச்சு, ஆட்டிக்கிட்டே திரும்பக் கொண்டுபோயிக் கட்டுவாரு. மெட்டில்டா ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லல. மிதிச்சு மிதிச்சுக் காலு வீங்குச்சு, பொம்பளைக மத்தியானம் வந்து அவ காலத் தூக்கி மடியில வச்சு நீவி விட்டாக, ஆளுக்கொரு கிண்ணத்துல கஞ்சி கொண்டாந்தாக, பெறகு, மைனி எனக்கு ஒரே ஒரு மிதின்னு கேட்டாக.

வரிசைக்கு வராத ஆளு கஸ்பார் மட்டுந்தான். அவரு வலை நாறிக் கெடந்துச்சு, அவரு வீட்டுக் கூரையில தொங்குன கருவாட்டப் பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு, வரமாட்டேன்னுட்டாரு. பெறகு ஒரு நாளு மைக்கப் பிடிச்சு, வார ஞாயித்துக்கெழமப் பூசை முடிஞ்சதும் வண்டியக் கடல்ல எறக்கணும், காத்து வெளிய வந்தாலும் சரி வராட்டியும் சரி, நாளைக்கு மறுபடியும் இழுக்காதுங்குறதுக்கு என்ன உறுதி, அந்தப் புள்ள கண்டதக் கழட்டுனதுல வந்த வெனைன்னு தீர்ப்புச் சொன்னாரு. ஊரு முணுமுணுத்துச்சு. ஆனா கொண்டல் வராம மழை வராதேங்குற பயமும் எல்லாருக்கும் இருந்துச்சு, அதனால ஆரும் எதுத்துப் பேசல. பெரிய குத்தம் என்னன்னா, தீர்ப்புச் சொல்லும்போது அவரு மெட்டில்டா நின்ன பக்கமே பாக்கல, கொடிமரத்தப் பாத்துத்தான் சொன்னாரு. மெட்டில்டா மகளுக்கு போன் போட்டு, "ஏட்டி, வா"ன்னு ஒரு சொல்லு மட்டும் சொன்னா.

மணல்மேட்டுச் சண்டையில கடைசியா ஊரு ஒத்துக்கிட்டது இம்புட்டுத்தான்: தீர்ப்பு தீர்ப்புதான், ஆனா பூசை முடியுற வர பெனிட்டா வண்டியப் பாக்கலாம். அதுக்கும் ஒரு நிபந்தன, கார்ப்பரேட்டர வண்டியில இருந்து கழட்டப்பிடாது, கழட்டுனா அம்புட்டுக் காத்தும் ஒரே வீச்சுல வெளிய வந்து கூரையத் தூக்கிட்டுப் போயிரும். அது நியாயந்தான்னு அவளும் சொன்னா, சொல்லும்போதும் மொறச்சுக்கிட்டேதான் சொன்னா.

வீட்டு முத்தத்துல வண்டிப் பக்கத்துல குத்தவச்சு, கார்ப்பரேட்டருக்கு மேல உள்ள மூடிய அவ திருகப் போகும்போது, மெட்டில்டா வந்து கைய வச்சு மறைச்சா.

"வேற எங்கயாவது பாரேன். கேபிளா இருக்கும்."

"கேபிளு வெண்ணெ மாதிரி ஓடுது. கைய எடு."

"சீட்டுக்கு அடியில பாத்தியா?"

"எம்மா, வண்டி மூக்கடச்சுக் கெடக்கு, நான் அதோட முதுகத் தடவிக்கிட்டு இருக்கவா?"

மெட்டில்டா கைய எடுத்தா, ஆனா எடுக்க மனசில்லாம ஒவ்வொரு வெரலா எடுத்தா. மூடியத் திருகித் தொறந்ததும் பெனிட்டாவுக்கு மொதல்ல தெரிஞ்சது கண்ணுக்கு இல்ல, மூக்குக்கு. உள்ள ஸ்லைடச் சுத்தியும், மூடிக்கு அடியிலயும், தேன் உறைஞ்ச மாதிரி, அரக்கு காஞ்ச மாதிரி ஒரு பூச்சு. வள்ளத்துப் பலகைக்குப் போடுற மீனெண்ணெ. சாளை எண்ணெயக் குங்கிலியத்தோட காச்சித் தேச்சா பலகை மேல காஞ்சு ஏறி கண்ணாடி மாதிரி நிக்கும், உப்புத்தண்ணி உள்ள போகாது, மரத்துக்கு அத விட்டா மருந்து கெடையாது. அத ஓடுற இரும்புக்குப் போடுறவன் ஒண்ணு பைத்தியக்காரனா இருக்கணும், இல்ல ஆயுசு பூரா வள்ளத்தத் தவிர வேற எதையும் பராமரிச்சுப் பழகாதவனா இருக்கணும். அந்த எண்ணெ வாசத்துக்குள்ள இன்னொரு வாசம் மெல்லிசா ஓடுச்சு, கிராம்பு.

தாழந்துறையில கொடியேத்தத்தன்னைக்கு ஒவ்வொரு வீடும் தன் வள்ளத்துக்கு எண்ணெ போடும், தன் வீட்டு வள்ளத்துக்கு மட்டுந்தான் போடும். இன்னொரு வீட்டு வள்ளத்துக்கு, அதுவும் ஆம்பள இல்லாத வீட்டு வள்ளத்துக்கு, ஒருத்தன் எண்ணெ போட்டான்னா அவன் அந்த வீட்டுப் பொம்பளகிட்ட, ஒங்கூட ஒரே அடுப்புல கஞ்சி குடிக்கட்டுமான்னு கேக்கான்னு அர்த்தம். போட்டவன் அன்னைக்கே கோயில் முன்னால நின்னு, நான்தான் போட்டேன்னு தன் பேரச் சொல்லணும். சம்மதம் இல்லாதவ மணலப் போட்டுத் தேச்சு எடுத்துருவா, சம்மதம் உள்ளவ தொடைக்காம விட்ருவா, அம்புட்டுத்தான் பேச்சு. மெட்டில்டா வீட்டுல வள்ளம் இல்ல. இந்த வண்டிதான் இருந்துச்சு.

பெனிட்டா எந்திரிச்சா. காத்து இல்லாத ஊருல வாசம் போன வழியிலயே நிக்குமே, கிராம்பு வாசமும் நின்னுச்சு, வண்டியில இருந்து எறங்கி, முத்தத்தத் தாண்டி, பிலோமியோட கொழம்பு வாசத்தப் பிளந்துக்கிட்டு, சலேத்து கடைக்குப் பின்னால வளைஞ்சு, கயிறு மாதிரி போச்சு. ஒரு நாளு நடந்த வாசம் இல்ல அது. போயிப் போயித் திரும்பி வந்து, திரும்பி வந்து மறுபடியும் போயி முறுக்கேறுன வாசம், ஊரு செபத்துக்குப் போற நேரமாப் பாத்து ஒரு ஆளு டெய்லி எண்ணெக் கையோட வந்து வண்டியத் தடவிப் பாத்து, என்ன செய்யன்னு தெரியாம முழிச்சு நின்னுட்டுப் போயிருக்கான். அவ அதப் பிடிச்சுக்கிட்டே நடந்தா. அது கடைசித் தெருவுல கடைசி வீட்டுப் பின்வாசல்ல, ஒரு எண்ணெச் சட்டியில போயி முடிஞ்சுது. சட்டிக்குப் பக்கத்துல வலையப் பின்னிக்கிட்டு உக்காந்திருந்த கஸ்பார் அவளப் பாத்தாரு, அவ கையில இருந்த மூடியப் பாத்தாரு, எந்திரிச்சு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாரு.

பெனிட்டா வீட்டுக்குத் திரும்புனா. மெட்டில்டா காயாத கருவாட்டப் பெரட்டிக்கிட்டு இருந்தா, ஏற்கனவே பெரட்டுனதத்தான் பெரட்டிக்கிட்டு இருந்தா.

"கிராம்பு போட்டு எண்ணெ காச்சுற வீடு ஊருல ஒண்ணுதான்."

"அப்படியா."

"அப்படியாவா? ஒனக்குத் தெரியும்."

"ஏட்டி, இது மீனு விக்கிறவ மூக்கு. வண்டி நின்ன அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் நீ தொடைக்கல."

"தொடைக்கணும்னா தொடச்சிருப்பேன்லா."

பெனிட்டாவுக்கு இம்புட்டு நேரமும் கைவசம் இருந்த சண்டையெல்லாம் ஒரு நிமிசம் எங்க வைக்கன்னு தெரியாமப் போச்சு. அம்மா மூஞ்சியப் பாத்தா. அவ அப்படி ஒரு மூஞ்சிய அம்மாவுக்கு இதுவரைக்கும் பாத்ததில்ல, அடுப்புல இருந்து எறக்குன பாத்திரம் மாதிரி, தொட்டாச் சுடும்.

"பெறகு எதுக்கு அவரு வண்டியக் கடல்ல போடச் சொல்லுதாரு?"

"பயந்துட்டாரு. எண்ணெ போட்ட அன்னைக்குப் பேரச் சொல்ல வாய் வரல, மறுநாளு ஊரு மூச்சே நின்னுபோச்சு, இனி பேரச் சொன்னா ஊரு என்ன சொல்லும், நான் என்ன சொல்லுவேன்னு. நான் தொடைக்காம வச்சிருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும், மூடிய அடச்சுல்லா வச்சிருக்கேன்."

"அப்ப நீ போயிச் சொல்லு."

"நான் எப்படிட்டிச் சொல்ல? எண்ணெ போட்டது நானா?"

"நல்லா இருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காம ஊரு மூச்சையே அடச்சு வச்சிருக்கிய. அவரு என்னடான்னா நடுவுல எம்பேர இழுத்து விட்டுட்டாரு. ஒங்க ரெண்டு பேரையும் சேத்துக் கடல்ல எறக்கணும், வண்டியில்ல."

"எறக்கு. ஆனா மூடியில உள்ளதத் தொடச்சிராதட்டி," அப்படின்னா மெட்டில்டா. "ஸ்லைடுல உள்ளத மட்டும் எடு. மூடியில இருக்கது இருக்கட்டும்."

ஞாயித்துக்கெழம ஊரு பூசைக்கே அவசரமாப் போயி அவசரமா வந்துச்சு. கூரை மேலயெல்லாம் வலையப் போட்டுக் கட்டுனாக, கோழியக் கூடையப் போட்டு மூடுனாக, வள்ளத்த இன்னும் மேல இழுத்துப் போட்டாக, சலேத்து மட்டும் அடுப்ப ஒரு தடவ ஏக்கமாப் பாத்துட்டுப் பழைய மறைப்ப எடுத்துக் கட்டுனாரு. வண்டியத் தூக்கிட்டுப் போக வந்த ஆம்பளைக கயிறோட வேலி ஓரத்துல நின்னாக. பெனிட்டா ஸ்லைடச் சுத்திப் பெட்ரோல விட்டுப் பாத்தா, அசையல. மண்ணெண்ணெய விட்டுப் பாத்தா, அசையல. வள்ளத்து எண்ணெயாச்சே, கடலையே உள்ள விடாதது இதுக்கா அசையும். பெறகு சுடுதண்ணி கேட்டா. பிலோமி கொண்டாந்தா, அடுத்த வீட்டுக்காரி கொண்டாந்தா, சண்டை தீந்த ரெண்டு வீட்டுக்காரிகளும் ஒரே குண்டானப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாக, கார்ப்பரேட்டர்ல துணியச் சுத்தி மேல மேல ஊத்தி, சூடு ஏற ஏற, ஸ்குரு டிரைவரோட மரப்பிடியால மொள்ள மொள்ளத் தட்டி, தலையப் பிடிச்சு இடமும் வலமுமா அவ திருகுனா. தட்டும்போதெல்லாம் ஏசுனா. பெத்தவள ஏசுனா, கஸ்பார ஏசுனா, சாளை மீன ஏசுனா. ஏச ஏச எண்ணெ எளகுச்சு. ஸ்லைடு டொக்குன்னு கீழ எறங்கி வழிய அடச்சுது.

ஒண்ணும் ஆகல. எல்லாரும் கூரையப் பாத்துக்கிட்டு நின்னாக.

"எம்மா, ஏறு," அப்படின்னா பெனிட்டா. "ஒரேடியாத் திருகாத. வெரல்ல அரிசி எண்ணுற மாதிரி திருகு."

மெட்டில்டா சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறி மிதிச்சா, மொத மிதியில வண்டி பிடிச்சுக்கிச்சு. மொத கியருல, மாடு போற வேகத்துல, முத்தத்த விட்டு எறங்குனா. ரெண்டு சைலன்சர்ல இருந்தும் காத்து வந்துச்சு, புயலு மாதிரி இல்ல, தூங்கி எந்திரிச்ச புள்ள சோம்பல் முறிக்கிற மாதிரி வந்துச்சு. பிலோமி தெருவுல சோழகத்த விட்டா, கொடியில கெடந்த துணியெல்லாம் ஒண்ணையொண்ணு தட்டி எழுப்புச்சு. கோயில் தெருவுல கொண்டல விட்டா, கொடி ஒரு தடவ உதறிக்கிட்டு விரிஞ்சுது, உபதேசியாரு கும்பிட்டாரு. கடக்கரையில நின்னு திருகுனா, ஒரு வள்ளத்துல சுருட்டிக் கெடந்த பாய் தானா அவுந்து வயித்த உப்பிக் காட்டுச்சு. தெருத்தெருவா, சந்துசந்தா, ஒரு வீட்டையும் விடாம ஓட்டுனா, ஊரு மொத்தமும் பின்னாலயே நடந்துச்சு, காத்து முன்னால போக, நின்னுபோன வாசமெல்லாம் கலைஞ்சு ஒண்ணா ஒரே வாசமா ஆகி, லாசரு, எனக்கு வழி தெரியல, ஆராவது கையப் பிடிங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு.

கடைசித் தெருவுல கடைசி வீட்டு முன்னால வந்ததும் மெட்டில்டா ஆக்சிலேட்டர விட்டுட்டா. எஞ்சின அணைக்கல, ஆனா திருகவும் இல்ல. உள்ள கச்சான் மட்டும் மிச்சம் இருந்துச்சு. பக்கத்து வீடு வர தென்னங்கீத்து ஆடுது, இந்த வீட்டு முருங்கை மட்டும் ஒத்த எலை அசைக்காம நிக்கி, இந்த வீட்டு அடுப்புப் புகை மட்டும் குச்சி மாதிரி நிக்கி. கஸ்பார் வாசல்ல நின்னாரு. மெட்டில்டா அவரப் பாக்கல, ஹெட்லைட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, ஆனா காது ரெண்டும் செவந்து கெடந்துச்சு. கயிறோட வந்த ஆம்பளைக கயிறக் கீழ போடவும் தெரியாம, கையில வச்சிருக்கவும் தெரியாம நின்னாக. உபதேசியாரு கோயில் மைக்கத் தூக்கிக்கிட்டு, ஒயரு பத்தாம நாலு வீட்டு ஒயர ஒட்டுப்போட்டு இழுத்துக்கிட்டு ஓடி வந்தாரு, அது பெனிட்டா சொன்ன வேலை.

பெனிட்டா கார்ப்பரேட்டர் மூடிய உள்ளங்கையில ஏந்திக்கிட்டு கூட்டத்துக்கு முன்னால வந்தா, எண்ணெ அதுல அப்படியே இருந்துச்சு.

"மாமா, உள்ள போகாதிய. கதவச் சாத்துனா சன்னல் வழியாப் பேசுவேன். இங்க நிக்கிற அம்புட்டு பேருக்கும் இந்த வாசம் தெரியும், தெரியாத மாதிரி நிக்காக, அது உங்க மேல உள்ள பிரியம். எனக்கு அந்தப் பிரியம் இன்னும் வரல, வருமா வராதாங்குறது நீங்க இப்பப் பேசப்போறதுலதான் இருக்கு. போட்டதத் தப்புன்னு நான் சொல்லல. போட்ட எடந்தான் தப்பு, அத நான் சரி பண்ணிட்டேன், இனிமே எங்க போடலாம் எங்க போடப்பிடாதுன்னும் காட்டித் தாரேன். ஆனா போட்டுட்டு, பேரு வெளிய வந்துரும்னு, எங்கம்மா ஏறிப் பொழைக்கிற வண்டியக் கடலுக்கு அனுப்பப் பாத்தியளே, எம்பேரச் சொல்லி ஊர நம்ப வச்சியளே, அது எந்த ஊரு ஆம்பளத்தனம்? அவ காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு. ஒரு மிதி வாங்க நீங்க வரல, ஆனா நீங்க போட்ட எண்ணெய அவ தொடைக்கல, பாருங்க, இந்தா இருக்கு, மணலு படல, துணி படல. அவ சொல்ல வேண்டியத அவ சொல்லியாச்சு. நீங்கதான் பாக்கி. உபதேசியாரே, மைக்க அவுக கையில குடுங்க. இது எண்ணெ, அது வண்டி, அது எங்கம்மா. யாரு போட்டது, எதுக்குப் போட்டது, வண்டி கடலுக்கா இந்த வீட்டுக்கா, ஊரு பூராக் கேக்க ஒங்க வாயால சொல்லுங்க மாமா."